கதைக்குக் காசு

பி.காம். படித்தவனுக்கு எந்தப் பத்திரிகையைக் கண்டாலும் முதல் சந்தேகம், 'காசு எங்கேர்ந்து வருது?' 'ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ்' என்கிற ஆங்கில இணைய இதழைப் பார்த்தபோதும் அப்படித்தான். விஞ்ஞானக் கதை, மாயக் கதை, ஓவியம்... அத்தனையும் இலவசம்.

2000-ல் இதை ஆரம்பித்த மேரி ஆன் மோகன்ராஜ், கொழும்பில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த தமிழர். வாசகர் நன்கொடையில் வண்டி ஓடுகிறது. ஆசிரியர் குழுவுக்குச் சம்பளம் கிடையாது. ஆனால், கதை எழுதியவருக்கும் படம் வரைந்தவருக்கும் பணம் உண்டு! 2024-ல் ஹியூகோ விருதும் வாங்கிவிட்டார்கள்.

நம்மூர்ச் சிற்றிதழ்களில் ஆசிரியர் கைக்காசைப் போடுவார். எழுதியவருக்கு ஒரு பிரதி கிடைத்தால் அதிர்ஷ்டம்.

காசா பெரிசு என்கிறீர்களா? என் முதல் கதை அச்சானபோது அப்பா புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. 100 ரூபாய் மணியார்டர் வந்த அன்றைக்குத்தான் மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.