மாத்திரை அட்டையும் தாடை எலும்பும்

திருவெண்ணெய்நல்லூரில் பல் வைத்தியம் செய்பவன், வந்தவருடைய வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன் அவர் கொண்டுவந்த மஞ்சள் பையைத் திறக்கச் சொல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் புண்ணியத்தால் பிரஷர் மாத்திரை இன்று சிற்றூர்களிலும் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறதாயினும், அதன் பெயர் மட்டும் வீட்டுக்குள் நுழைவதில்லை. "காலையில ஒரு சின்ன வெள்ளை மாத்திரை போடுறேங்க" என்பதற்கு மேல் விவரம் கிடைப்பது அரிது. எனக்கோ அந்தப் பெயர்தான் வேண்டும்.

தாடை எலும்பில் டைட்டானியம் திருகைப் பதித்து, எலும்பு அதைப் பிரிக்கவொண்ணாதபடி பற்றிக்கொள்ளும்வரை சில மாதங்கள் காத்திருந்து, அதன்பின் மேலே பல் கட்டுவதே இம்பிளான்ட் சிகிச்சை. ஸ்வீடன் தேசத்துப் பிரோனெமார்க் 1965-இல் முதன்முதலாக மனிதர் ஒருவருக்குச் செய்துகாட்டிய இவ்வித்தை, முழுவதும் எலும்பின் தயவை நம்பியது. அவ்வெலும்போடு சில பிரஷர் மாத்திரைகளுக்கு நல்ல சம்பந்தமே உண்டு: தயாசைடு வகை, சுண்ணாம்புச் சத்து சிறுநீரில் விரயமாவதைக் குறைக்கிறது, பீட்டா பிளாக்கர் வகை எலும்பு கரைவதைத் தணிக்கக்கூடும். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 728 பேருக்குப் பதித்த 1,499 இம்பிளான்ட்டுகளில் தவறிப்போனவை, இத்தகைய மாத்திரை உண்பவரிடம் நூற்றுக்கு 0.6, உண்ணாதவரிடம் 4.1. ஆனால் தவறாமல் மாத்திரை உண்பவர் வைத்தியரையும் தவறாமல் பார்ப்பவராகவும், தேகத்தைப் பேணுபவராகவும் இருக்கக்கூடுமாதலால், அந்தக் கணக்கைக் காட்டிப் பிரஷர் மாத்திரையைப் பல்லுக்கு மருந்தாக்கிவிட நான் துணியேன்.

எனக்குக் கவலை தருவது ஈறு. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தாராளமாக வழங்கப்படும் அம்லோடிபினை உட்கொள்வோரில் சிலருக்கு ஈறு தடித்து வளர்ந்து பல்லை மூடுகிறது. பல்லின் ஸ்தானத்தில் நின்ற இம்பிளான்ட்டையும் அது விட்டுவைப்பதில்லை. மூடிய மடிப்புக்குள் அழுக்கு தங்க, அதனால் ஈறு மேலும் வீங்க, வீக்கத்தால் துலக்குவது அசாத்தியமாக, நாளடைவில் திருகைப் பற்றியிருந்த எலும்பே அரிக்கப்படுகிறது. அழுக்குப் படிந்த வாயில்தான் இவ்வுபத்திரவம் மிகுதி என்பதால், கத்தியைத் தொடுமுன் வாயைச் சுத்தம் செய்து, துலக்கும் முறையைக் கண்ணாடி முன் நிறுத்திக் கற்பித்துச் சில வாரம் பொறுத்துப் பார்ப்பதே என் வழக்கம். அதற்கும் அடங்காவிடில், வேறு மருந்து தர இயலுமா என்று கேட்டு, எழுதிக்கொடுத்த வைத்தியருக்கே கடிதம் அனுப்புவேன். மாற்றும் அதிகாரம் அவருடையது.

இவ்வளவும் சொன்ன மாத்திரத்தில், "அப்ப மாத்திரைய நிறுத்திடட்டுமாங்க?" என்று கேட்பவர் உண்டு. கூடவே கூடாது! கேளாமலே நிறுத்துபவரும் உண்டு: மரத்துப்போகும் ஊசி போடுவார்கள் என்று அன்று காலை மாத்திரையைத் தவிர்த்துவிட்டு வருவார்கள், அழுத்தம் 180/110 என்று நிற்கும், அன்றைக்குத் திருகு பதிப்பதில்லை, பொது வைத்தியரிடம்தான் அனுப்ப வேண்டும். பதித்த பின்னும் ஜாக்கிரதை தேவை. வலிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், நாள்கணக்கில் தொடர்ந்தால் பிரஷர் மாத்திரையின் வேலையைக் குலைக்குமாதலால், பாரசிட்டமால் என்று சீட்டில் எழுதுவதோடு, உடன் வந்த மகனிடமோ மருமகளிடமோ வாய்விட்டும் சொல்லி அனுப்புகிறேன்.