இறக்கத்தில் ஒரு காணி

தம்பியின் காணிக்குப் படம் கீற உட்காரும்போதெல்லாம் யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் வளவுதான் குறுக்கே வரும். அங்கே நிலம் பலகைபோல் கிடந்தது. வீட்டை எந்தப் பக்கமும் இழுத்துக் கட்டலாம். நாற்சார் வீடு, நடுவே முற்றம், பின்னால் அடுப்படி, அதற்கும் அப்பால் கிணறு. ரொறன்ரோவுக்கு வடக்கே இவன் வாங்கியதோ ஒடுங்கிய துண்டு. தெருவிலிருந்து ஓடை வரை ஒரே இறக்கம். குழாய்த் தண்ணீரும் இல்லை, கழிவு வாய்க்காலும் இல்லை.

அதனால் வீட்டுக்கு முன் கிணற்றைக் கீறினேன். ஒன்ராறியோ விதிப்படி, நீர் புகாத உறை 6 மீற்றராவது இறங்கிய குழாய்க் கிணற்றுக்கும் கழிவுநீர் ஊறும் படுகைக்கும் இடையே 15 மீற்றர் வேண்டும். மற்றக் கிணறுகளுக்கு 30. அகலத்தில் அதற்கு ஏது இடம்? கிணறு தெருவோரம், படுகை கீழே சற்றுச் சமனான திட்டில், நடுவில் மிஞ்சியது வீட்டுக்கு. யாழ்ப்பாணத்தில் காலுக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். மலக்குழியில் விட்டது கிணற்றுக்கு வர அதிக காலம் எடுக்காது. வேலிக்கு அந்தப் பக்கம் அயல்வீட்டுக் குழி எத்தனை அடியில் இருந்தது என்று ஆர் அளந்தது? வேலி எல்லைக்கு மட்டும் வழக்குப் போட்டோம்.

அம்மாவுக்குக் கிணறு பிரச்சினையில்லை. வாசலும் அடுப்படியும் தெருமட்டத்தில், படுக்கையறைகள் கீழே என்றதும் முகம் மாறிவிட்டது.

"மனுசர் படுக்கப் பள்ளத்துக்குள்ள இறங்கிறதோ, மோனை?"

ரொறன்ரோவின் ரோஸ்டேல் பள்ளத்தாக்கில் உள்ள இன்டெக்ரல் ஹவுஸ் படத்தைக் காட்டினேன். ஷிம்-சட்கிளிஃப் கட்டடக்கலைஞர்கள் 2009இல் முடித்த வீடு. தெருவில் நின்றால் இரண்டு மாடி. உள்ளே போனால் ஐந்து தளம் கீழ்நோக்கி இறங்கும். கட்டுவித்தவர் ஜேம்ஸ் ஸ்ருவர்ட், என் மகள் சுமந்து திரிந்த அந்தத் தடித்த கல்குலஸ் புத்தகத்தை எழுதியவர். புத்தகம் விற்ற காசில் எழுந்த வீடு.

"அவருக்கு முழங்கால் நோ இல்லைப்போல," என்றார் அம்மா.

பள்ளத்துக்குப் பயப்படுவது இந்த ஊருக்கும் புதிதல்ல. 1954 ஒக்ரோபரில் ஹேசல் புயலில் ஹம்பர் ஆறு பெருகி, ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் 35 பேரைக் கொண்டுபோனது. அதன் பிறகுதான் ஆற்றுப் பள்ளங்களில் வீடு கட்டுவதைத் தடுத்துப் பூங்காக்களாக்கினார்கள். எங்கள் ஓடை சின்னதுதான். ஆனாலும் அதை அண்டிய நிலத்தைத் தொட முடியாது.

கடைசியில் அம்மாவின் அறையைத் தெருமட்டத்துக்கு ஏற்றினேன். கராஜ் போய்விட்டது. பனிக்காலத்தில் கார்க் கண்ணாடியைச் சுரண்டும்போது தம்பி என்னைத் திட்டுவான். திட்டட்டும்.