கூடத்திற்கு வந்த விளையாட்டு

நோயுற்ற தந்தை கூடத்துக் கட்டிலிற் கிடந்தார். மகன் மாடியறையைத் தாழிட்டுக் கணினி விளையாட்டில் மூழ்கியிருந்தான். ஒரே கூரையின் கீழ் இருவரும் தனித்தனியே வாழ்ந்தனர் எனலாம்.

வால்வ் நிறுவனம் 2014ஆம் ஆண்டில் தனது ஸ்டீம் மென்பொருளிற் புகுத்திய வசதியொன்று இந்நிலையை மாற்றிற்று. ஆற்றல்மிக்க கணினி மாடியிலேயே இயங்கும். அது தீட்டும் காட்சிகள் சுருக்கப்பட்டு, வீட்டு வலையமைப்பின் வழியே கூடத்திலுள்ள பழைய மடிக்கணினியை அடையும். ஆடுபவனின் விசையழுத்தங்கள் அதே வழியில் மேலே செல்லும். செக்கனுக்கு 60 படங்களாயின், ஒரு படத்திற்குரிய நேரம் ஏறத்தாழ 17 மில்லிசெக்கன் மாத்திரமே. கம்பியில்லா இணைப்பிற் காட்சி தயங்கிற்று. மகன் மாடியிலிருந்து கம்பியொன்றை இழுத்துப் பொருத்தியபின் அத்தயக்கம் பெரிதும் குறைந்தது.

அன்று முதல் அவன் கட்டிலருகே அமர்ந்து ஆடினான். தந்தைக்கு விளையாட்டு விளங்கவில்லை. ஆயினும் மகன் தோற்கும்போதெல்லாம் சிரித்தார். இடையிடையே தண்ணீர் கேட்டார். முன்னர் அதற்கு மணியடிக்க வேண்டியிருந்தது.

மில்லிசெக்கன்களை எண்ணித் தாமதத்தைக் குறைத்த மகனுக்கு, மாடியிலிருந்து இறங்கிவரத் தான் எடுத்துக்கொண்ட மாதங்கள் அப்போதுதான் கணக்கில் வந்தன.