டாலா துறையில் ஒரு சம்பான்காரர்

யாங்கோன் ஆற்றின் குறுக்கே தென்கொரியக் கடனுதவியில் டாலா பாலம் கட்டப்படும் செய்தியைப் படித்ததும், அங்கே சம்பான் படகு ஓட்டுகிறவர்கள் இனி எப்படிப் பிழைப்பார்கள் என்றே முதலில் நினைத்தேன். அங்கேயே பிறந்து, காளி கோயில் பக்கம் குடியிருக்கும் தமிழ் நண்பர் ஒருவர், தமக்குப் பழக்கமான படகோட்டியிடம் அழைத்துப்போனார்.

யாங்கோனின் பன்சோடன் துறையிலிருந்து அக்கரையிலுள்ள டாலாவுக்கு ஜப்பான் தந்த ‘செர்ரி’ கப்பல்கள் 2014 முதல் ஓடுகின்றன. அவற்றுக்கு ஊடே சின்னச் சம்பான்கள் புகுந்து போகின்றன. கூரான அணியம், பின்பக்கம் இரண்டாகப் பிரிந்து மேலே தூக்கி நிற்கும். வெள்ளையர் காலத்தில் இவற்றை வலித்தவர்களில் பெரும்பாலோர் சிட்டகாங்கிலிருந்து வந்தவர்கள்.

“ஆகோ, இவர் நம்ம தமிழ்நாட்டுக்காரர். உங்க தொழிலைப் பார்க்கணுமாம்” என்று நண்பர் பர்மிய மொழியில் சொன்னார். படகோட்டி எங்களை ஏற்றிக்கொண்டார்.

கடல் முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்தாலும், ஆறு அதன் சொல்படிதான் நடக்கிறது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நீர்மட்டம் 5 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். வற்றம் இழுக்கும்போது யாரும் நேராக அக்கரையை நோக்கி ஓட்டுவதில்லை. அணியத்தை மேலாற்றுப் பக்கம் திருப்பிப் பிடித்தார். நீர் எங்களைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி, சரியாக டாலா படிக்கட்டில் கொண்டுபோய் விட்டது.

மோட்டார் இருந்தும் இரண்டு துடுப்புகளைப் படகில் வைத்திருந்தார். கைபட்டுப் பிடி தேய்ந்து பளபளத்தது. நின்றுகொண்டு, முன்னே பார்த்து, குறுக்காகப் பிடித்து வலிக்கும் துடுப்பு. “விசிறியில கயிறு சுத்திக்கிட்டா, நடு ஆத்துல இதுதான் உயிர்” என்றார். அப்பா கொடுத்தது. 2008 மே மாத நர்கீஸ் புயலில் சொந்தப் படகு போயிற்று. துடுப்புகள் வீட்டில் இருந்ததால் பிழைத்தன. அன்றிலிருந்து வாடகைப் படகுதான்.

அங்கேதான் எனக்கு நெஞ்சு கொதித்தது. ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் படகின் சொந்தக்காரருக்கு நாள்வாடகை வைக்க வேண்டும். 2021க்குப் பிறகு ஏறிய டீசல் விலையும் ஓட்டுகிறவர் தலையில்தான். இத்தனை வருடம் கொடுத்த வாடகையைக் கூட்டினால் எத்தனையோ படகு வாங்கியிருக்கலாம். மொத்தமாகப் பணம் புரட்ட முடியாத ஒரே காரணத்தால், ஆற்றை அறிந்தவர் காலமெல்லாம் வாடகைக்காரராகவே நிற்கிறார்.

இதைச் சொல்லத் தமிழனுக்குத் தனிக் கடமை உண்டு. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களின் நிலத்தில், அங்கே கடன் கொடுத்த தமிழ்ச் செட்டியார்கள் கைக்கு வந்தது 1930இல் 6 சதவீதம். 1937இல் 25 சதவீதம். நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, நிலம் கைமாறியது. சட்டப்படி நடந்ததுதான். ஆனாலும் உழுதவன் தன் நிலத்திலேயே குத்தகைக்காரனானான். அதே கணக்கு இன்று வேறு கைகளில், தண்ணீர்மேல் ஓடுகிறது.

பாலம் வரட்டும். இரவில் நோயாளியை டாலாவிலிருந்து கொண்டுவர அது வேண்டும். ஆனால் பாலத்துக்குக் கடன் கிடைக்கிற ஊரில், ஒரு சம்பானுக்கும் நியாயமான வட்டியில் கடன் கிடைக்க வேண்டும், ஓட்டுகிறவர் பெயரிலேயே. பாலம் எட்டாத ஓடைக்கரைக் கிராமங்களுக்கு இந்தப் படகுகள் என்றும் தேவை. ஓட்டத் தெரிந்தவரே அவற்றின் சொந்தக்காரராக இருப்பதுதான் நியாயம்.