எந்தப் பக்கம்?

“எந்தப் பக்கம் ஓட வேண்டும்?”

விடியுமுன் மூன்று மணி. வெளியே மலாக்கா நீரிணை, உள்ளே கும்மிருட்டு. சன்னல் இல்லாத அறை அது. சன்னல் இருப்பதுபோல் காட்டச் சுவரில் தொங்கவிட்டிருந்த திரை, கப்பலின் அசைவுக்கேற்ப ஆடிக்கொண்டிருந்தது. கட்டிலில் எழுந்து அமர்ந்த அன்னை அலறவில்லை, அழவில்லை. ஊரிலே, “அடுப்பை அணைத்தாயா?” என்று கேட்பாரே, அதே குரலில் கேட்டார்: “எந்தப் பக்கம் ஓட வேண்டும்?”

நமக்கு விடை தெரியவில்லை. பட்டம் பெற்றிருக்கிறோம், பள்ளியிலே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறோம், எதையும் ஏன், எப்படி என்று கேள் என முழங்குகிறோம். ஆயினும் தெரியவில்லை. “ஒன்றுமில்லை அம்மா, படுத்துக்கொள்” என்றோம்.

சுமத்திரா என்றே பெயர் பெற்ற திடீர்க் காற்று அது. அந்தத் திங்கள்களில் இரவின் பிற்பகுதியில் நீரிணையில் எழும், சிறிது நேரம் சீறும், ஓயும். அன்றும் ஓய்ந்தது. அன்னை உறங்கினார். நாம் உறங்கவில்லை.

அந்தக் கப்பலில் நாம் ஏறிய கதையைச் சொல்ல வேண்டும். தம்பி சிங்கப்பூரிலே கப்பல் பட்டறைத் தொழிலாளி, இரும்பைப் பற்றவைப்பவன். பிறர் உல்லாசமாகச் செல்லும் கப்பலைக் காலமெல்லாம் கீழே நின்று செப்பனிடும் அவனுக்கு, அன்னையை ஒருமுறை அதில் ஏற்றிப் பார்க்கவேண்டுமென்று ஆசை. ஈராண்டு மிச்சம் பிடித்து, 2024 மே விடுமுறையில் நம்மை வரவழைத்தான். சீட்டு இரண்டுதான் வாங்கினான். அவனுக்கு விடுப்பு இல்லை!

செய்தி கேட்டதும் மாமன் பஞ்சாங்கத்தோடு வந்தார். நாள் சரியில்லை, கோள் சரியில்லை; கணவனை இழந்தவள் களிப்புக்காகக் கடல் தாண்டுவதா என்றார். மகளிரோடு கடல் கடக்கும் வழக்கம் இல்லையென்று தொல்காப்பியமே சொல்லியிருக்கிறது என்று எங்கோ கேட்டதையும் எடுத்து வீசினார். நாம் நகைத்தோம். “உங்கள் பாட்டனாரே கடல் தாண்டியவர்தாமே, மாமா?” என்றோம். 1930களில் நாகையில் ‘ரஜுலா’ ஏறிப் பினாங்கு சென்றவர் அவர். 1926-இல் கட்டப்பட்டு, 1974-இல் உடைக்கப்படும் வரை எத்தனை ஆயிரம் தமிழரை அக்கரை சேர்த்த கப்பல் அது! அவருக்கு அறை ஏது? தளத்திலே பாய், தலைமாட்டிலே தகரப் பெட்டி, மேலே வானம். நமக்கோ குளிரூட்டிய அறை, கூப்பிட்டால் வரும் பணியாள். மூடநம்பிக்கையை முறியடித்த மிடுக்கோடு கப்பலேறினோம்.

ஏறுமுன் ஒன்றை மட்டும் தம்பி பன்முறை எச்சரித்திருந்தான். சிங்கப்பூரில் புறப்படும் கப்பல் சிங்கப்பூருக்கே திரும்பினாலும், இடையிலே பினாங்கு மண்ணை மிதித்தவர் மறுபடியும் அயலாராகத்தான் நுழைகிறார். ஆகவே பலமுறை நுழைய இசைவு தரும் விசா வேண்டும். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியருக்கு 30 நாள் வரை விசா வேண்டாமென்று விட்டதால் அந்தத் தொல்லை இல்லை. தாளையெல்லாம் சரிபார்த்தோம். உயிரைத்தான் சரிபார்க்கவில்லை!

கப்பல் புறப்படுமுன் செல்பேசியில் ஒரு படம் பார்க்கவேண்டும். அபாயச் சங்கு ஏழு முறை குறுகியும் ஒரு முறை நீண்டும் ஒலிக்கும். உயிர்காப்பு உடுப்பை இப்படி அணிக. இன்ன கூடுமிடத்திற்குச் செல்க என்று ஆங்கிலத்தில் சொல்லும் படம். அன்னைக்கு ஆங்கிலம் தெரியாது. நமக்குப் பொறுமை கிடையாது. ஓடவிட்டுவிட்டு, ‘பார்த்தேன்’ என்ற கட்டத்தை நமக்கொன்று, அன்னைக்கொன்று எனத் தொட்டோம். கூட்டத்தோடு கூட்டமாய்க் கூடுமிடம் சென்று அட்டையை நீட்டினோம், கருவி ‘கிணுக்’ என்றது, கடமை முடிந்தது! அடுத்தவன் விடையைப் பார்த்தெழுதும் மாணவனை வெளியே நிறுத்தும் கை, நம் கை.

உணவுக் கூடத்தில் காதில் விழுந்த குறைகளைக் கேளுங்கள். அறை சிறிது. இணைய இணைப்புக்கு இவ்வளவு கட்டணமா? காப்பிக்குத் தனிக்காசா? சோறு விறைத்திருக்கிறது. நாமும் நம் பங்குக்கு இட்டலி இல்லையென்று ஏங்கினோம். பயிற்சியைப் பற்றி எழுந்த குறை ஒன்றே: நேரம் வீண்!

அன்றிரவு உறக்கமின்றிப் புரண்டபோது இத்தாலியக் கரை நினைவிற்கு வந்தது. 2012 சனவரி 13. ‘கோஸ்டா கான்கார்டியா’ என்னும் மாபெரும் உல்லாசக் கப்பல், கிலியோத் தீவுக்கருகே பாறையில் மோதிற்று. கப்பலில் இருந்தவர் 4,200-க்கு மேற்பட்டோர். மின்சாரக் கோளாறுதான், அறைக்குச் செல்லுங்கள் என்று பயணிகளுக்குக் கூறப்பட்டது. கப்பலைக் கைவிடுக என்ற ஆணை பிறக்க ஒரு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. மாண்டோர் 32 பேர். அன்று சிவிடவெக்கியாவில் ஏறிய பல நூறு பேருக்குப் பாதுகாப்புப் பயிற்சி நடக்கவேயில்லை. ஏறிய 24 மணி நேரத்திற்குள் நடத்தினால் போதுமென்று விதி இருந்தது. புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனே நடத்தியாகவேண்டும் என்று 2015 சனவரி முதல் பன்னாட்டு விதி மாறியது. முப்பத்திரண்டு உயிர் கொடுத்து வாங்கிய விதி! அதைத்தான் நாம் விரல் நுனியால் தள்ளிவிட்டோம். “ஒன்றுமில்லை, படுத்துக்கொள்” — அந்தக் கப்பலில் சொன்னதும் ஏறத்தாழ இதுதானே? பஞ்சாங்கத்தில் கட்டம் பார்த்த மாமனைப் பழித்தோமே, நாம் தொட்டதும் ஒரு கட்டம்தான்.

பொழுது புலர்ந்ததும் அன்னை நமக்காகக் காத்திருக்கவில்லை. அறையைத் துப்புரவு செய்ய வந்த இளைஞரிடம் தமிழிலேயே பேச்சைத் தொடங்கிவிட்டார். நல்லூழ் என்பர் சிலர். தற்செயல் என்போம் நாம். அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்.

“தம்பி, ஓடத்தில் ஏறினால் ஓடக்காரனிடம் ஆழம் கேட்கவேண்டும். எந்த வழியாகப் போகணும், சொல்லு.”

அவர் அலமாரியின் மேல்தட்டைத் திறந்தார். அன்னை தலையணை என்று எண்ணியிருந்தது உயிர்காப்பு உடுப்பு! கழுத்தில் மாட்டி, வாரை இறுக்கி, அவிழ்த்து, அன்னையையே மீண்டும் கட்டச் செய்தார். பிறகு நடை வழியே அழைத்துச் சென்றார். மின்தூக்கியில் ஏறாதீர்கள், புகை சூழ்ந்தால் குனிந்து, சுவரைத் தொட்டு நடங்கள், கதவுகளை எண்ணிக்கொள்ளுங்கள். பதினொன்று முடிந்ததும் படிக்கட்டு. இரண்டு தளம் கீழே கூடுமிடம்.

“சங்கு ஊதினால் நீ எங்கே இருப்பாய்?” என்றார் அன்னை.

“இந்தப் படிக்கட்டில்தான் அம்மா. ஆளுக்கொரு வேலை உண்டு. படகு இறக்குகிறவர் வேறு. கடைசிப் பயணி போகிறவரைக்கும் நான் இங்கே நின்று வழி காட்டணும்.”

“நீ எப்போது போவாய்?”

அவர் சிரித்தார். மறுமொழி இல்லை.

பினாங்கு அடையுமுன் இன்னும் கொஞ்சம் பேசினார். ஒன்பது மாத ஒப்பந்தம். நீர்மட்டத்திற்குக் கீழே இருவர் தங்கும் அறை. ஓய்வு நாள் உண்டா என்றோம். “ஞாயிறு உண்டு சார், நாட்காட்டியில்” என்றார். கடல் தொழிலாளர்க்கான 2006-ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கை, வேலை நேரத்திற்கு வரம்பிட்டால் அது நாளுக்கு 14 மணி, வாரத்திற்கு 72 மணியைத் தாண்டலாகாது என்கிறது. எட்டு மணி நேர வேலைக்காக மே நாள் கொண்டாடும் உலகில், எழுபத்திரண்டும் ஒரு பாதுகாப்பு! 2020 பிப்ரவரியில் யோகோகாமாவில் ‘டயமண்ட் பிரின்சஸ்’ கப்பலைக் கொரோனா சூழ்ந்தபோது, பயணிகள் அறைக்குள் அடைபட்டிருக்க, அவர்கள் வாயிலுக்கு உணவு சுமந்தவர்கள் இத்தகையோரே. அக்கப்பலின் பணியாளரில் 132 பேர் இந்தியர். 700 பேருக்கு மேல் நோயுற்றனர்; பணியாளரும் அதில் அடக்கம்.

பிற்பகலில் பினாங்கு. சுவெட்டன்ஹாம் துறையில் இறங்கியதும் அன்னை கடைத்தெருவைக் கேட்கவில்லை, “தாத்தாவை எங்கே இறக்கினார்கள்?” என்று கேட்டார். வந்திறங்கிய கூலிகளை நோய்க்காக அடைத்துவைத்துச் சோதித்த செரெசாக் தீவு தெற்கே இருக்கிறது என்றோம். அத்திசையைச் சற்று நேரம் பார்த்தார். “அவருக்கு யார் வழி சொல்லியிருப்பா?” என்றார். ஒரு தேநீர் வாங்கி இருவரும் பகிர்ந்து குடித்தோம்.

அன்றிரவு கப்பல் திரும்பிற்று. அரங்கிலே ஆடல், கூடத்திலே பாடல். அன்னையைக் காணோம் என்று தேடிச் சென்றால், நடைவழியில் கண்களை மூடிக்கொண்டு, வலக்கையால் சுவரைத் தடவியவாறு நடந்துகொண்டிருந்தார். உதடு அசைந்தது. படிக்கட்டருகே நின்றிருந்த அந்த இளைஞர், வழிமறிக்காமல் ஒதுங்கி நின்றார்.

“பதினொன்று, தம்பி” என்றார் அன்னை, கண் திறவாமலே.

“சரிதான் அம்மா.”

பிறகு நம் பக்கம் திரும்பினார். “இப்போ நீ வா. கண்ணை மூடு.”

மூடினோம். எண்ணினோம். பத்து வந்தது. மீண்டும் அறை வாயிலுக்குச் சென்று முதற்கதவிலிருந்து தொடங்கினோம்.