பச்சையின் விலை

கண்டியிலிருந்து வடக்கே செல்லும் ஏ-9 நெடுஞ்சாலையில் மாத்தளை நகரைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றால் அலுவிகாரை வருகின்றது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்ற இடமெனப் பௌத்தர் போற்றும் குகைக் கோயில் அது. மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு நாம் அங்கு சென்றிருந்தபோது, ஒருவர் ஓலையில் எழுதிக் காட்டினார். எழுத்தாணி கீறிச் செல்கையில் கண்ணுக்கு எதுவும் புலப்படவில்லை. பின்னர் கரிய மையைப் பூசித் துடைத்தார். கீறிய இடத்தில் மட்டும் மை தங்கி, எழுத்துத் துலங்கிற்று.

"பச்சை குத்துவதுபோலவே இருக்கின்றதே, சேர்!" என்றான் ஒரு மாணவன். "அதற்கு இப்போது எவ்வளவு கேட்கிறார்கள் தெரியுமா?" என்று இன்னொருவன் தொடங்கினான். திரிபிடகம் அத்தோடு போயிற்று.

கேள்வி என்னவோ நல்ல கேள்விதான். இக்காலத்தில் பச்சை குத்துவோர் பலர் மணிக்கணக்கில் கூலி பெறுகின்றனர். உருவம் பெரிதானால் நேரம் கூடும். நிறங்கள் பலவானாலும் கூடும். விலா எலும்பின் மேலும் விரலிலும் குத்துவது கடினம். எவ்வளவு சிறிய புள்ளியாயினும் ஒருமுறை பாவித்த ஊசியை எறிந்துவிட வேண்டுமாதலால், அதற்கும் ஒரு குறைந்தபட்சக் கட்டணம் உண்டு. கைதேர்ந்தவரின் பெயருக்குத் தனி விலை. நியூயோர்க்கில் 1891 இல் மின்சார ஊசிப் பொறிக்குக் காப்புரிமை பெறப்பட்டது. அதன் பின்னர் வேலை விரைவாயிற்று. ஆயினும் ஜப்பானில் கையாலேயே குத்தும் மரபினர் இன்றும் உளர். முதுகு முழுவதும் நிரப்ப அவர்களிடம் பலமுறை சென்று வரவேண்டும். சமோவாத் தீவிலோ பச்சை குத்தும் ஆசானுக்கு நுண்ணிய பாய்களைக் குடும்பமே சேர்த்துக் கொடுப்பது பழைய வழக்கம். வலி தாளாமல் பாதியில் எழுந்துவிட்டால் அது குடும்பத்துக்கே அவமானம்!

திரும்பும் வழியில், மலைச்சரிவில் உள்ள தோட்டமொன்றில் மாணவன் ஒருவனின் பாட்டியைக் காணச் சென்றோம். எண்பது வயதைக் கடந்தவர். முன்னங்கையில் கோலமொன்று, அதன் கீழே மூன்று புள்ளிகள். பச்சை மங்கி நீலம் பாரித்திருந்தது. விலை என்னவென்று கேட்டோம்.

"ஒரு கொத்து அரிசிங்கய்யா. அம்மாவோட பழைய சேலை ஒண்ணும் குடுத்தாங்க. அன்னிக்கு ராவு வீட்டுல சோறு இல்ல" என்றார்.

லயத்துக்கு வந்த குறத்தி விளக்குக் கரியில் இலைச்சாறு குழைத்து, ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் குத்தினாளாம். அழுகையை மறக்கச் செய்யப் பாடிக்கொண்டே குத்தினாளாம். நகையெல்லாம் கழற்றப்படும் நாளிலும் இது மட்டும் கூடவே வரும் என்று தாய் சொன்னாராம். தோட்டத்துக் கூலியில் பொன் வாங்க முடியாத ஒரு தாய், வாரப்படி அரிசியைக் கொடுத்து மகளுக்கு நகை பூட்டியிருக்கிறாள் என்றே எமக்குத் தோன்றிற்று. ஆனால் அக்கையைப் பின்னாளில் பட்டிக்காட்டு அடையாளமென்று பேரப்பிள்ளைகள் கேலி செய்ய, பாட்டி நகரத்துக்குப் போகும்போதெல்லாம் முந்தானையால் மூடிக்கொண்டார். அவ்வாறு கேலி செய்தவர்களுள் ஒருவன்தான் அலுவிகாரையில் விலை பேசியவன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பேச்சை மாற்ற நாம் ஒரு செய்தி சொன்னோம். 2014 இல் பிரித்தானியத் தாதி ஒருவர் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்திறங்கினார். தாமரைமீது அமர்ந்த புத்தரைக் கையில் பச்சை குத்தியிருந்தார். அவரும் பௌத்த நெறியைப் பின்பற்றுபவரே. ஆயினும் பொலிசார் கைது செய்தனர். தடுத்து வைக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார். அவர் வழக்குத் தொடர்ந்தார். 2017 இல் உயர் நீதிமன்றம் அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதெனத் தீர்ப்பளித்து, இழப்பீடும் வழக்குச் செலவுமாக 8 இலட்சம் ரூபாய் வழங்கப் பணித்தது. அப்பச்சைக்கு அவர் முதலில் கொடுத்த கூலி எவ்வளவோ!

மாணவர்கள் 8 இலட்சத்தை எண்ணி வியந்தனர். பாட்டி மட்டும் முந்தானையை விலக்கி, தம் கையைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"அந்தப் புள்ள நல்லபடியா அம்மாகிட்ட போய்ச் சேர்ந்துச்சாய்யா?"