நூலும் வில்லையும்

தட்டாரப்பூச்சியின் வாலில் நூல் கட்டிப் பறக்கவிடும் வித்தையை நம் பிள்ளைகளுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. தண்டலத்தில், தொழிற்சாலை மதிலோரப் புல்வெளியில், அது இன்றும் நடக்கிறது. சென்ற ஐப்பசியில் என் மாணவர் சிலரிடம் நூலுக்குப் பதிலாகக் காமிராவைக் கொடுத்தேன்.

எங்களுடைய 300 மில்லிமீட்டர் டெலிபோட்டோ லென்ஸ் தனியே பூச்சிக்கு உதவாது. ஐந்தடிக்குள் நெருங்கினால் படம் கலங்கிவிடும். அதன் முகப்பில் 500 மில்லிமீட்டர் குவிதூரமுள்ள வில்லையொன்றைத் திருகிவிட்டாலோ, அரை மீட்டரிலேயே பூச்சி துலங்குகிறது. ஒரு சென்டிமீட்டர் உடல் காமிராவுக்குள் 6 மில்லிமீட்டர் பிம்பமாய் விழுகிறது. ஆனால் தெளிவு நிற்கும் ஆழம் நூல் கனந்தான்! காற்றசைந்தால் போயிற்று. மூச்சடக்கி நிற்கவேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அவ்வளவு நேரம் சும்மா நின்றதை வகுப்பறையில் நான் கண்டதேயில்லை.

அந்த அரை மீட்டர் பூச்சிக்கு நாம் காட்டும் மரியாதை. பிடித்துக் குளிரூட்டி, மரத்துப்போகச் செய்து படமெடுப்போரும் உண்டு. அந்தப் படத்தில் அழகிருக்கும், பூச்சியின் வாழ்வு இராது.

அன்று குச்சியில் தொங்கியது பாண்டலா பிளாவெசென்ஸ் என்னும் இனம். இது இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்காவரை கடல் கடக்கிறதென்று சார்லஸ் ஆண்டர்சன் 2009-ல் எழுதினார். அதைச் சொன்னேன்.

"வால்ல நூலோட அவ்வளவு தூரம் போகுமா, சார்?" என்றான் ஒரு பையன். பதிலுக்குக் காத்திராமல் மறுபடி காமிராவில் கண்ணைப் பதித்துக்கொண்டான்.